முதலை, கரும்பலகை, ஆயாவின் கை

பரிசு வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாகச் சொல்லலாம்.

2024 அக்டோபரில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு போட்டிக்காக 5 நிமிட வீடியோ ஒன்று செய்தார்கள். நான் கணினி ஆசிரியை. "மிஸ், நீங்கதானே கம்ப்யூட்டர்" என்ற ஒரே தகுதியில் வழிகாட்டி ஆனேன். கேமராவைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது, கல்யாண வீட்டில் வீடியோக்காரர் கை காட்டிய பக்கம் திரும்பிச் சிரிப்பது மட்டும்தான்.

யுனெஸ்கோ ஆண்டுதோறும் அக்டோபர் 24 முதல் 31 வரை ஊடக, தகவல் எழுத்தறிவு வாரம் என்று ஒன்றைக் கடைப்பிடிக்கிறது. அதையொட்டித்தான் போட்டி. தலைப்பு 'ஊடக எழுத்தறிவு'. சுற்றறிக்கையை வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன், "பேப்பர்ல எழுதக் கத்துக்கிறதா மிஸ்?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களைத் தனித்தனியாகக் கேட்டபோது ஒருவருக்கும் விளக்கம் வரவில்லை. கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் நம்பும் முன், அனுப்பும் முன் சோதித்துப் பார்க்கத் தெரிவதுதான் அது. அப்போதே அந்தப் பையனைக் குழுவில் சேர்த்தேன். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் ஆள் ஒருவர் குழுவில் இருப்பது நல்ல கேமரா இருப்பதைவிட மேல். பிறகு எதை எழுதினாலும் அவனிடம் வாசித்துக் காட்டுவோம். அவன் முகம் சுளித்த வரி எல்லாம் போகும்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் முதல் கூட்டம். என்ன எடுக்கலாம் என்று கேட்டதும் கரும்பலகை நிறைந்துவிட்டது. டீப்ஃபேக், ஓடிபி மோசடி, தேர்தல் வதந்தி, சிவப்பழகு விளம்பரம், சீரியலில் மாமியார், யூடியூபில் மூலிகை வைத்தியம். எல்லாமே நல்ல தலைப்புதான். 5 நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னால் ரேஷன் கடையில் பெயர் வாசித்த மாதிரி இருக்கும். நானும் அன்று வெட்டச் சொல்லவில்லை. "முதல்ல எழுதிட்டு வாங்க" என்று விட்டுவிட்டேன். அது தப்பு. ஒரு வாரம் போச்சு.

எழுதி வந்தது 1,100 சொல். கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு நிற்கவைத்து வாசிக்கச் சொன்னேன். 12 நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல். எங்கள் பிள்ளைகள் மூச்சு விட்டு, புரியும்படி தமிழ் வாசித்தால் நிமிடத்துக்கு 90 சொல்லைத் தாண்டவில்லை. அப்படியானால் 5 நிமிடத்துக்கு 450. அதிலும் படம் மட்டும் பேச வேண்டிய இடங்கள், மௌனம், பெயர் அட்டை எல்லாம் கழித்தால் 380. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் முக்கால்வாசிச் சண்டை வந்திருக்காது. உட்கார்ந்து மனசுக்குள் வாசித்து நேரம் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நின்று, வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

அந்த 1,100 சொல்லில் இரண்டு விஷயம் என்னை நிறுத்தின. தொடக்கத்தில் அப்துல் கலாம் சொன்னதாக ஒரு பொன்மொழி. அடுத்த வரியில், இந்தியர்களில் இத்தனை சதவீதம் பேர் பொய்ச் செய்தியை நம்புகிறார்கள் என்று தசமப் புள்ளியோடு ஒரு கணக்கு. "இது எங்கிருந்து எடுத்தீங்க?" என்றேன். பொன்மொழி, பூப்படத்தோடு வந்த காலை வணக்கச் செய்தியிலிருந்து. சதவீதம், ஏஐ செயலி சொன்னது. "அதுகிட்டயே ஆதாரம் கேளு" என்றேன். எழுதியவள் கேட்டாள். ஆண்டு போட்டு ஓர் ஆய்வறிக்கையின் பெயரைக் கொடுத்தது. ஹைடெக் லேபில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தேடினோம். அப்படி ஓர் அறிக்கை எங்கள் கண்ணில் படவே இல்லை. பொன்மொழியும் கலாமின் எந்த உரையிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பொய்ச் செய்தியை நம்பாதீர்கள் என்று சொல்ல வந்த வீடியோவின் முதல் இரண்டு வரியும் ஊர் பேர் தெரியாதவை. எழுதியவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது, அடக்கிக்கொண்டேன். தசமப் புள்ளி இருந்தால் யாரோ உட்கார்ந்து எண்ணியிருப்பார்கள் என்று நாமெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம். இடப்பக்கம் திரையில் என்ன தெரியும், நடுவில் என்ன பேசுவோம், வலப்பக்கம் 'யார் சொன்னது'. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி வீடியோவில் வராது. பொன்மொழியை எடுத்துவிட்டு, மெய்ப்பொருள் காணச் சொல்லும் குறளைப் போடலாமா என்று கேட்டார்கள். அதற்கு ஆதாரப் பிரச்சினை இல்லைதான். ஆனால் இந்தத் தலைப்பில் வரும் எல்லா வீடியோவும் அந்தக் குறளில்தான் தொடங்கப் போகிறது, நடுவர் பாவம் என்றேன். வேண்டாம் என்று விட்டோம்.

பிறகு முதலை வந்தது.

இணையத்தில் வரும் படத்தை எப்படிச் சோதிப்பது என்று காட்டலாம் என ஒரு பையன் ஒரு வீடியோ கொண்டுவந்தான். இரவு, கொட்டும் மழை, சென்னையில் ஒரு சாலையை முதலை ஒன்று ஆடி அசைந்து கடக்கிறது. "இது ஃபேக் மிஸ், இதவெச்சே காட்டலாம்." ஐந்து பேரும் ஒரே குரலில் ஃபேக் என்றார்கள். நானும்தான். வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் எங்கே வந்திருக்கிறது என்று தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டோம். வந்தது வேறு கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூருக்கு அருகே நெடுங்குன்றம் பகுதியில் எடுத்தது. வனத்துறையைக் கவனித்த மூத்த ஐஏஎஸ் அதிகாரி சுப்ரியா சாஹுவே அதைப் பற்றி எழுதியிருந்தார். சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் உண்டு, கூச்ச சுபாவம் கொண்டவை, வெள்ளம் பெருகியதால் வெளியே வந்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று. முதலை நிஜம்.

இன்னும் தோண்டினால் 2015. அந்த ஆண்டுப் பெருமழையின்போது, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி பரவியது. ஒன்றும் தப்பவில்லை என்று பண்ணை மறுத்தது. அது பொய்.

ஆக ஒரே சென்னை, ஒரே மழை, ஒரே முதலை. 2015-இல் பொய், 2023-இல் நிஜம். இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்? எங்களுக்கே ஓர் அடி விழுந்ததும் நல்லதாகப் போயிற்று. 'எல்லாம் ஃபேக்' என்று சொல்லிவிடுவது புத்திசாலித்தனம் மாதிரி தெரியும். உண்மையில் அதுவும் தேடாமல் முடிவு கட்டுவதுதான். வெள்ள நேரத்தில் நிஜமான எச்சரிக்கையை ஃபேக் என்று தள்ளினால் முதலை வாயில்தான் போக வேண்டும்.

சோதிப்பதை எப்படிச் சொல்வது என்பதில் இழுபறி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் என்பவரின் குழு, செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களை மாணவர்களோடும் வரலாற்றுப் பேராசிரியர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. சரிபார்ப்பவர்கள் ஓர் இணையப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்கவில்லை. சட்டென்று அதைவிட்டு வெளியே போய், அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதை நான் விளக்கியபோது முகம் சுளிக்கும் பையன் சுளித்தான். அப்புறம் அவனே சொன்னான்: "மாப்பிள்ளை எப்படின்னு மாப்பிள்ளைகிட்டயே கேக்காம, பக்கத்துத் தெருவுல போயி விசாரிக்கிற மாதிரியா மிஸ்?" அதைத்தான் வீடியோவில் வைத்தோம். வைன்பர்க் பெயர் போய்விட்டது. மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

இரண்டாவது கதைதான் எங்களுக்கு நெருக்கம், அதனாலேயே பயம். 2018 மே மாதம் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் வடக்கே இருந்து கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் படங்களும் சுற்றின. மே 9 அன்று, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று, போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் வழி கேட்க நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அதே நாளில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள்.

என் ஐந்து பேரும் அப்போது நாலாம் வகுப்பு முடித்து முழுப்பரீட்சை லீவில் இருந்தவர்கள். வாசலில் விளையாட விடாமல் உள்ளே தாழ்ப்பாள் போட்டு வைத்தது அவர்களுக்கு நினைவிருக்கிறது. ஏன் என்பது இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது.

"பழசை எதுக்குக் கிளறணும்?" என்றார் தலைமையாசிரியர். நியாயமான கேள்வி. வழக்கில் பெயர் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சுற்றுவட்டாரத்தில் படிக்கிறார்கள். பேசிப் பேசி ஓர் எல்லை போட்டோம். ஊர்ப் பெயர் வராது, இறந்தவர் பெயர் வராது, அடிக்கும் காட்சி ஒரு நொடிகூட வராது. 'அவங்க' என்று யாரையும் கை நீட்டாமல், 'நாம' என்றே பேசுவது. அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

2023 மார்ச்சில் நடந்ததையும் சேர்க்க வேண்டும் என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று அங்கே பரவிய வதந்தி. எங்கேயோ நடந்த வேறு சண்டைகளின் வீடியோக்களைத் தமிழ்நாடு என்று ஒட்டிவிட்டிருந்தார்கள். அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு வீடியோவில் வந்து மறுக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. அவள் சொன்னது சரி: "2018-ல நாம அவங்கள நெனச்சு பயந்தோம், 2023-ல அவங்க நம்மள நெனச்சு பயந்தாங்க." வைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். 70 நொடி தேவைப்பட்டது. வெட்டினோம். அந்தத் தாளை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

2018-இல் இந்தியாவில் பல இடங்களில் சுற்றிய ஒரு வீடியோவை மட்டும் எடுத்துக்கொண்டோம். சந்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் இருவர் வருகிறார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் ரத்தம் கொதிக்கும். ஆனால் அது கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வரும், பிள்ளையை இறக்கிவிடுவார்கள், கராச்சித் தெருவில் ஒரு பிள்ளையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். சேர்த்தது எதுவும் இல்லை. வெட்டியது மட்டும்தான்.

இதை எப்படிக் காட்டுவது? அசல் வீடியோவைப் போட்டால் பிறர் உடைமை. அதைவிடப் பெரிய பயம், நம் வீடியோவிலிருந்து அந்தத் துண்டை யாராவது மறுபடி வெட்டி அனுப்பினால்? வரையத் தெரிந்த பையன் வழி சொன்னான். கரும்பலகையில் ஆறு கட்டம் போட்டுச் சுண்ணாம்புக்கட்டியில் வரைவது. ஐந்து கட்டம் தெரியும், ஆறாவதை அழித்துவிடுவது. குரல் கேட்கும்: "நமக்கு வந்தது இவ்வளவுதான்." பிறகு கை வந்து ஆறாவது கட்டத்தில் அட்டையை வரையும். செலவு இல்லை, உரிமைப் பிரச்சினை இல்லை. நடுவர் குறிப்பில் பாராட்டு என்று வந்தது இதற்கு மட்டும்தான்.

என் பயம் சும்மா இல்லை என்பது மறுவாரமே தெரிந்தது. முதலைப் பகுதியின் ஒரு துண்டைக் கேமரா பிடித்த பையன் ஆசையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். 2015 வதந்தியை எழுத்தாகக் காட்டிய 8 நொடி. மூலையில் சின்னதாகச் சிவப்பில் 'பொய்' என்று இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பெற்றோர் எனக்குப் போன் செய்து, "மிஸ், முதலை எந்த ஏரிக்கு வந்திருக்கு?" என்றார். அவருக்கு வந்த துண்டில் மூலை இல்லை. ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வேண்டுமென்றே வெட்டினார்களா, ஸ்டேட்டஸ் அளவுக்குச் சுருங்கியதில் போனதா, கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பின் இரண்டு மாற்றம் செய்தோம். பொய்யைக் காட்டும் இடமெல்லாம் 'பொய்' முத்திரை எழுத்தின் மேலேயே குறுக்காக ஓடும், எந்தப் பக்கம் வெட்டினாலும் போகாதபடி. இரண்டாவது, வதந்தியை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் 'ஆனால்' என்று இழுப்பதில்லை. முதலில் உண்மை: "பண்ணையிலிருந்து ஒரு முதலையும் தப்பவில்லை." அப்புறம்தான் என்ன பரவியது என்பது. பாதியில் எழுந்து போகிறவன் காதில் விழுவது உண்மையாக இருக்கட்டும்.

படம் பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எல்லாரும் செய்யும் தவறுகளைத்தான் நாங்களும் செய்தோம். மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது. ஆகவே கேமரா என் போன். முதல் நாள் பாதிக் காட்சி நெட்டுக்குத்தாக, மீதி படுக்கையாக. இரண்டும் சேராது. படுக்கை என்று முடிவு செய்து, போன் முதுகில் அம்பு போட்டு ஸ்டிக்கர் ஒட்டினோம். நல்ல காட்சி ஓடும்போது என் தம்பி போன் செய்தான், பதிவு நின்றுவிட்டது. அதிலிருந்து ஏரோப்ளேன் மோட். வெளிச்சத்துக்கு விளக்கெல்லாம் வேண்டாம், காலை ஏழரை மணிக்கு வடக்குப் பார்த்த தாழ்வாரம் போதும்.

ஒலிதான் எங்களைத் தோற்கடித்தது. மங்கலான படத்தைக்கூடப் பார்த்துவிடுவார்கள், கேட்காத பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். வகுப்பறையில் மின்விசிறி, வெளியே டிராக்டர், வீட்டில் குக்கர். கடைசியில் கற்றது: பேசுகிறவரின் சட்டைப் பையில் இன்னொரு போனை வைத்துக் குரலைத் தனியாகப் பதிவு செய்வது. தொடங்கும்போது ஒரு கைதட்டல். எடிட் செய்யும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம். பின்னணிக் குரலை, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்தோம். எதிரொலியே இல்லை. ஏஐ குரலைப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது 'கிழமை'யைச் சொன்ன அழகைக் கேட்டபின் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்படியும் 2 நிமிடம் 40-ஆவது நொடியில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிறது. நடுவர்கள் அதை விடாமல் குறித்திருந்தார்கள்.

எடிட்டிங் கைன்மாஸ்டர் செயலியில். இலவசப் பதிப்பு, ஓரத்தில் அதன் பெயர் விழும், பரவாயில்லை என்றோம். அதைச் செய்தவன் கெட்டிக்காரன். கராச்சிப் பகுதியை, ஐந்து கட்டம், ஆறாவது கட்டம் என்று தாளம் தப்பாமல் அடுக்கியவன் அவன்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததைச் செய்ததும் அவன்தான். பார்த்து ஒப்புக்கொண்டது நான்.

மூன்றாவது பகுதி, எழுதுகிறவளின் ஆயா, அதாவது பாட்டி. எழுபதைத் தாண்டியவர். 2018-ஐப் பற்றிப் பேச ஊரில் பலரும் மறுத்தபோது, "நான் பேசுறேன், எனக்கின்னா பயம்" என்றவர். திண்ணையில் உட்காரவைத்து எடுத்தோம். படம் பிடிக்கும் முன்பே எங்கே காட்டுவோம் என்று சொல்லி, சரி என்று வாங்கிக்கொண்டோம். அவர் பேசியது ஏழு நிமிடம். எங்களுக்கு இடம் 80 நொடி.

எடிட் முடிந்து வந்ததில் ஆயா இப்படிப் பேசினார்: "அப்ப யாரு புதுசா வந்தாலும் கதவச் சாத்திக்குவோம். போன்லயே வந்துடுச்சே, பொய்யா சொல்லுவாங்கன்னு நெனச்சோம். பொடவ விக்கிறவன் ஒருத்தன் வந்தான். நாந்தான் கத்தி ஆளுங்கள கூப்ட்டேன்." வெட்டு. அடுத்து, அனுப்பும் முன் யோசிக்கச் சொல்லும் எங்கள் குரல். லேசான பின்னணி இசை. கச்சிதமாக இருந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆயாவிடம் ஒருதரம் காட்டிவிடலாம் என்று பேத்திதான் சொன்னாள். மரியாதைக்காக, அவ்வளவுதான். மாலையில் திண்ணையில் வைத்துக் காட்டினோம். முதலையைப் பார்த்துச் சிரித்தார். கரும்பலகையில் கை வந்து வரைவதை உன்னிப்பாகப் பார்த்தார். தன் முகம் வந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். முடிந்ததும் போனைத் திருப்பித் தரவில்லை.

"நான் பாதிதானே பேசியிருக்கேன். மீதி எங்க?"

நேரம் இல்லை ஆயா என்றான் எடிட்டர்.

"அந்தப் பையன் படத்துல கடைசிக் கட்டத்த அழிச்சிட்டாங்கன்னு காட்டுற. எனுத நீயே அழிச்சிட்டியே."

யாரும் பேசவில்லை. பேத்தி வீட்டுக்குள்ளே போய்விட்டாள்.

அன்று இரவே ஏழு நிமிடத்தையும் மறுபடி முழுசாகப் பார்த்தேன். "கூப்ட்டேன்" என்றதுக்கு அப்புறம் ஆயா பேசாமல் இருக்கிறார். எண்ணினேன், 11 நொடி. எங்கோ கோழி கத்துகிறது. பிறகுதான் சொல்கிறார்: "கூட்டம் கூடிடுச்சி. அவன் கையக் கூப்பிக்கினு நின்னான். நம்ம மேஸ்திரி அவன அடையாளம் சொன்னாரு, அதனால உசுரு தப்பிச்சான். அந்தக் கை இன்னும் என் கண்ணுல நிக்குது. நான் கத்தாம இருந்திருக்கணும்."

அந்த 11 நொடியை எடிட்டர் 'டெட் ஏர்' என்று தூக்கியிருந்தான். வெறும் மௌனம் என்று நினைத்து அதோடு சேர்ந்து பின்னால் இருந்ததும் போயிற்று. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நேரம் இல்லை, முதல் பாதி 'பஞ்ச்'சாக இருந்தது, அவ்வளவே. முழுப் பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் தலையாட்டியது நான். எங்கள் வீடியோவைப் பார்க்கும் எவனும் ஆயாவை, ஆளைக் கூட்டி அடிக்கப் பார்த்துவிட்டு அதைத் திண்ணையில் உட்கார்ந்து கதையாகச் சொல்லும் கிழவி என்றுதான் நினைத்திருப்பான். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவர் சொன்னதுதான். ஒரு சொல் நாங்கள் சேர்க்கவில்லை.

இந்தப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர் யாராவது என்னிடம் கேட்டால், கேமரா, செயலி எல்லாவற்றையும்விட முதலில் சொல்வது இதுதான்: பேட்டி கொடுத்தவரிடம் இரண்டு முறை சம்மதம் கேளுங்கள். எடுக்கும் முன் ஒன்று, வெட்டிய பின் ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில். வெட்டாத முழுப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். எடிட் செய்தவர் தவிர இன்னொருவர் அந்த முழுப் பதிவைப் பார்த்துவிட்டு, 'இவர் சொன்னது இதுதானா' என்று மட்டும் சொல்லட்டும். அழகாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

மறுநாள் காலை எடிட்டர் எனக்கு முன்னால் பள்ளி வாசலில் நின்றான். தூங்கியிருக்கவில்லை. இசையை எடுத்திருந்தான். மாப்பிள்ளை வரியில் நாலு சொல்லைக் குறைத்திருந்தான். ஆயாவின் மௌனம் 11 நொடியும் அப்படியே இருந்தது, கோழியோடு. பிறகு கை, மேஸ்திரி, கத்தாமல் இருந்திருக்கணும் என்பது வரை. மத்தியானம் ஆயாவிடம் போய்க் காட்டினோம். பார்த்தார். "ம், இது நான்" என்றார்.

இப்போது வேறு சிக்கல். மொத்தம் 5 நிமிடம் 4 நொடி. 5-ஐத் தாண்டினால் ஏற்க மாட்டார்கள், விதியில் தடித்த எழுத்தில் இருந்தது. முதலையில் ஒரு நொடிகூட எடுக்க முடியாது, முத்திரை படிக்க நேரம் வேண்டும். கரும்பலகையில் கை வைக்க வரைந்தவன் விடவில்லை. மௌனத்தில் நாலு நொடி குறைக்கலாமா என்று நானே கேட்டேன். ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

முகம் சுளிக்கும் பையன்தான் கடைசியில் காட்டினான். முடிவில், கறுப்புத் திரையில் 'வழிகாட்டி ஆசிரியை' என்று என் பெயரும் படிப்பும் வரும் ஓர் அட்டை. "மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க..." என்று இழுத்தான்.

சரியாக நாலு நொடி. எடுத்துவிட்டோம்.